ஷாக்வாவிடம் ஜெயித்த பதினோரு அம்புகள்

மஹியாவின் வில்லை இன்னொருவனால் முழுதாக இழுக்க முடியாது. அவனுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். ஆள் குட்டை. கைகள் இரண்டும் உருண்டு திரண்டு கிடக்கும். அம்புக் குச்சியை நெருப்பில் வாட்டிப் பல்லால் கடித்து நிமிர்த்தி நிமிர்த்தியே முன்பல்லில் பாதி போய்விட்டது. ஏயாசி ஏரிக்கு மேலே, பெருக்க மரங்கள் நிற்கும் கற்பாறை மேட்டில், ஹட்சா குடி வேட்டைக்காரர்களில் அவனும் ஒருவன். முதலாமவனும் இல்லை, கடைசியும் இல்லை. தேனைக் கண்டால் கூட்டாளியை மறந்துவிடுவான். பாட ஆரம்பித்தால் நாய் எழுந்து போய்விடும். இருந்தாலும் மாமியாரின் நெருப்பில் கறி வாட்டாத மாதம் என்று ஒன்று இருந்ததில்லை. அங்கே ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நடக்க அது போதும்.

மாமியார் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே கல்யாணமானவன் பெண்டாட்டியின் தாய் இருக்கும் முகாமில்தான் குடியிருப்பான். மாமியாருக்குக் கறி கொண்டுவந்து போட வேண்டும். ஆனால் அவளோடு முகம் பார்த்துப் பேசக்கூடாது. மஹியாவின் மாமியார் புனுவுக்கோ வாய் காது வரை. பேசாமல் எப்படி இருப்பாள்? குடிசைக்கு எதிரே நின்ற பெருக்க மரத்தைப் பார்த்துப் பேசுவாள். ஆறு வருஷமாக அந்த மரம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

அவள் மகள் எந்தேகோ, மஹியாவின் மனைவி. தாய்க்கு நேர்மாறு. நாலு வார்த்தை பேசும் இடத்தில் ஒன்றுதான் பேசுவாள். மூன்று வயது மகளை முதுகில் கட்டிக்கொண்டே பாறைக்கடியில் குடைந்து கிழங்கு எடுப்பாள். மஹியாவுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அதை வாயால் சொல்லத் தெரியாமல், தேன் அடையில் நல்ல துண்டாகப் பார்த்து இலையில் மடித்து அவளுக்கென்று ஒளித்துக்கொண்டு வருவான். அப்படிப்பட்டவன்தான் அவளை முகாம் நடுவில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டான்.

எல்லாம் சூதாட்டத்தில் தொடங்கியது. வறண்ட காலத்தில் ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பட்டைச் சில்லு ஆடுவார்கள். வட்டமாக வெட்டிய மரப்பட்டைகளைக் கொத்தாகப் பிடித்து மரத்தில் அறைவது, எது குப்புற விழுந்தது எது மல்லாக்க விழுந்தது என்று பார்ப்பது, அவ்வளவுதான் ஆட்டம். பந்தயம் அம்பு. ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்த நாலு பேரிடம் மஹியா தன் அம்பு அத்தனையையும் தோற்றான். அவர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். சும்மா இருந்தானா? மறுநாளே ஷாக்வாவோடு உட்கார்ந்தான். அன்று கை ராசியாகிவிட்டது. பதினோரு அம்பு ஜெயித்தான்.

ஷாக்வா நெட்டையன், கல்யாணமாகாதவன். அவன் வில்லும் மெல்லிசு. கினிக்கோழி, முயல் பருமன் மான், இவைதான் அவன் வேட்டை. அம்பும் அதற்கேற்ற மாதிரிதான்: ஒரு சாண் நீளம் கூடுதல், முனையில் சின்ன ஆணியைத் தட்டி எடுத்த மெல்லிய தகடு. மஹியா தன் முரட்டு வில்லில் ஏற்றி வெட்டவெளியில் விட்டுப் பார்த்தான். விர்ரென்று போயிற்று.

“பாருடா, என் அம்பவிட வேகமா போகுது!” என்று குதித்தான்.

வேகமாகத்தான் போயிற்று. வால் ஆடிக்கொண்டே போனதை யார் கவனித்தார்கள்?

அந்த அம்புகளில் விஷம் பூசிக்கொண்டு வேட்டைக்குப் போனான். முதலில் ஒரு வரிக்குதிரை. இருபத்தைந்து எட்டு தூரம். தோளுக்குப் பின்னால் பட்டதை அவன் கண்ணால் பார்த்தான். விஷ அம்பு பட்டால் விரட்ட வேண்டியதில்லை. முனைக்குப் பின்னால் கருங்களியாகப் பூசியிருக்கும் செடிச்சாறு ரத்தத்தில் கரைந்து தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நிதானமாகத் தடம் பிடித்துப் போனால் விலங்கு விழுந்து கிடக்கும். மஹியா போனான். குதிரை மந்தையோடு நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் கழித்து ஒரு முறுக்குக்கொம்பு மான். அதுவும் பிழைத்தது. வழியில் உதிர்ந்து கிடந்த இரண்டு அம்புகளையும் எடுத்துவந்து, முனையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் குடிசைக் கூரையில் செருகினான்.

திருப்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. காட்டில் ஒருவன் விஷ அம்பு விட்ட நேரத்தில் அவன் பெண்டாட்டி வேறொருவனோடு படுத்தால் விஷம் செத்துவிடும், விலங்கு எழுந்துவிடும் என்பது அந்த முகாமில் எல்லோரும் நம்பிய விஷயம். குறி தப்பினால் கையைப் பழிப்பார்கள். பட்டும் சாகாவிட்டால் வீட்டைப் பார்ப்பார்கள்.

முதலில் வாயைத் திறந்தவன் கிபோலா. மஹியாவின் கூட்டாளி, முகாமின் கேலிக்காரன்.

“மச்சான், ஷாக்வாகிட்ட நீ அம்பு ஜெயிச்சே, சரி. அவன் உங்கிட்ட எத ஜெயிச்சான்னு விசாரிச்சியா?”

மரத்தடியே சிரித்தது. மஹியாவும் சிரித்தான். சிரித்தவன் அன்று கிழங்கைத் தொடாமல் படுத்துவிட்டான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஷாக்வா தண்ணீர் எடுக்கப் போனாலும் கண் ஜாடை, எந்தேகோ விறகுக்குப் போனாலும் கண் ஜாடை. அந்த வேளையில்தான் மூன்றாவதாக இன்னொரு வரிக்குதிரைமேல் மஹியா அம்பு விட்டான். இரண்டு நாள் தடம் பிடித்தான். அது ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, காதை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். உச்சி வெயில். பெண்கள் கிழங்கு வாட்டிக்கொண்டிருந்தார்கள். முகாமே அங்கேதான் இருந்தது.

“முந்தாநேத்து எங்க போயிருந்தே?” என்றான் எந்தேகோவிடம்.

“கிழங்குக்கு. வேற எங்க?”

“ஷாக்வா அந்தப் பக்கம் வந்தானாமே.”

“வந்தான். தேன் குடுத்தான். இத்தன பேருக்கும் குடுத்தான். உம் மகளும்தான் நக்கினா.”

“அப்ப என் குதிரை ஏன் சாகல?”

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவனை ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. எந்தேகோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சுற்றி இருந்த பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி தலை குனிந்துகொண்டாள், இன்னொருத்தி நெருப்பைக் கிளறினாள். தேன் நக்கிய வாய் ஒன்றாவது திறந்ததா? இல்லை.

“ஏன் சாகலன்னு குதிரையப் போய்க் கேளு” என்றாள் எந்தேகோ. மகளைத் தூக்கி முதுகில் கட்டினாள். தோண்டுகோலை எடுத்துக்கொண்டாள். மேட்டுக்கு அந்தப்புறம் அக்காள் இருக்கும் முகாமுக்கு நடந்துவிட்டாள்.

புனு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டியா மரமே! எம் பொண்ணு கட்டின குடிசையில தூங்குறான், எம் பொண்ணு தோண்டினதத் திங்குறான், எம் பொண்ணையே கெட்டவளுங்குறான். உனக்கு மானம் இருக்கா மரமே? இருந்தா இந்நேரம் சாய்ஞ்சிருப்பே!”

ஷாக்வாவும் அன்றே வில்லை எடுத்துக்கொண்டு வேறு முகாமுக்குப் போனான். போனது தப்பாகிவிட்டது. “பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு” என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மஹியா ஐந்து நாள் குடிசையை விட்டு வரவில்லை. ஆறாம் நாள் பசி கிளப்பியது. கடைசியாகக் குதிரைமேல் விட்ட அம்பையாவது தேடி எடுக்கலாம் என்று போனான். முள் புதரில் உரசி உதிர்ந்து கிடந்தது. குனிந்து எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முனையில் நக அளவு மட்டும் ரத்தக் கறை. அதற்குப் பின்னால் பூசிய விஷம் பூசியபடியே இருந்தது. கரையவில்லை, நனையக்கூட இல்லை. ஓடிவந்து கூரையில் செருகிய இரண்டையும் உருவினான். அதே கதை. விஷம் செத்திருந்தால் உடம்புக்குள் போய்ச் செத்திருக்க வேண்டும். இது தோலையே தாண்டவில்லை!

எந்தேகோ தேன் குடுக்கை மாட்டுவதற்காகக் குடிசைச் சுவரில் இறகு முறிந்த ஓர் அம்பைச் செருகியிருந்தாள். மஹியா தன் கையால் செய்த பழைய அம்பு. சூதில் போகாமல் தப்பியது அது ஒன்றுதான். அதை உருவி ஆள்காட்டி விரலில் கிடைமட்டமாக வைத்தான். நடுவிலிருந்து முனைப்பக்கம் நாலு விரல் தள்ளி, ஆடாமல் நின்றது. ஷாக்வாவின் அம்பை வைத்தான். அது நடுவிலேயே நின்றது. தலை லேசு, உடம்பு நீளம். மெல்லிய வில்லுக்கு அது ஒத்துப்போகும். கோழிக்கும் முயலுக்கும் போதும். மஹியாவின் வில் அதை அடித்துத் தள்ளும்போது வால் ஆடும். ஆடிக்கொண்டு போய்க் குதிரைத் தோலில் சாய்வாகப் படும். பட்ட வேகமெல்லாம் பக்கவாட்டில் போய்விடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. சந்தேகம் புகுந்த மண்டைக்குத் தெரியவில்லை.

அன்று அவன் அழுதான். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

பிறகு வேலையில் இறங்கினான். கீழ்ச் சமவெளியில் மாடு மேய்க்கும் டடோகா கூட்டத்துக் கொல்லனிடம் தேன் கொடுத்து, கனத்த இரும்பு முனைகள் வாங்கிவந்தான். ஆத்திரத்தில் இருப்பதிலேயே பெரியதை ஷாக்வாவின் அம்புக் குச்சியில் கட்டினான். அம்பு பத்து எட்டுக்குள் தலையைத் தொங்கப்போட்டு, குறிக்கு ஒரு முழம் கீழே மண்ணைக் குத்தியது. கனமும் கூடினால் ஆகாது. முனையைக் கல்லில் வைத்துத் தேய்த்தான். குச்சியில் இரண்டு விரல் வெட்டினான், விரலில் வைத்தான், எய்தான். இன்னும் இரண்டு விரல் வெட்டினான். நாலு நாள் இதே வேலை. கடைசியில் அம்பு ஆடாமல் போய்ப் பெருக்க மரத்தில் முனையைக் கட்டிய இடம் வரை இறங்கியது.

“மரமே, உன்னையும் விடலையா?” என்றாள் புனு.

வேலையில் இறங்கிய பதினோராம் நாள் வரிக்குதிரை விழுந்தது. ஐந்நூறு எட்டுகூட ஓடவில்லை. முகாமே கத்தியும் கையுமாகக் கறி சுமக்க வந்தது. வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?

“பாத்தியா மச்சான், அவ போனா, குதிரை விழுந்துச்சு!” என்று கிபோலா முதுகில் தட்டினான். “அப்பவே சொன்னேன்ல?”

எல்லோரும் தலையாட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவளுக்காக மஹியா தேடிப்பிடித்த உண்மை அவள் தலையிலேயே விழுந்துவிட்டது. கறியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனால் இந்தப் பழி அவள் உள்ள வரைக்கும் போகாது.

“ஒருத்தனும் கத்திய வைக்காதே!” என்று கத்தினான். “தள்ளு எல்லாரும்!”

இருபத்தைந்து எட்டு பின்னால் போனான். விஷத்தைச் சுரண்டி எடுத்த ஷாக்வாவின் அம்பு ஒன்றை ஏற்றி, செத்த குதிரையின் விலாவில் விட்டான். பட்டது, சாய்ந்தது, தொங்கியது. கிபோலா தொட்டதும் கீழே விழுந்தது. அடுத்து தன் அம்பை விட்டான். பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது.

“இப்ப சொல்லு. எம் பொண்டாட்டி எங்கயோ இருக்கா. ஷாக்வா எங்கயோ இருக்கான். இந்த அம்பு ஏன் எறங்கல? செத்த குதிரை எந்திரிச்சுத் தடுத்துச்சா?”

கிபோலா விழுந்த அம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான்” என்றான்.

“நான் வெளையாட்டுக்குக் கேக்கலையேடா” என்றான் மஹியா.

அன்றே கொழுப்புள்ள தொடைக்கறியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறி இறங்கினான். எந்தேகோ ஒரு பாறைக்கடியில் குழி பறித்துக்கொண்டிருந்தாள். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. மஹியா எல்லாவற்றையும் சொன்னான். கரையாத விஷம், விரல், வெட்டிய குச்சி, செத்த குதிரை, கிபோலாவின் முகம்.

“தப்பு எம்மேல. உம்மேல ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் காட்டிட்டேன், இனி ஒருத்தன் வாய் தெறக்க மாட்டான். வா, போலாம்.”

எந்தேகோ கை மண்ணைத் தட்டினாள். புது அம்பை வாங்கித் தன் விரலில் வைத்துப் பார்த்தாள். ஆடாமல் நின்றது.

“நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

“அம்புல ஒரு கோளாறும் இல்லேன்னு வெச்சுக்க. விஷமும் நல்லாத்தான் எறங்குச்சு. அப்பவும் குதிரை எந்திரிச்சுப் போயிருந்தா, அப்ப நான் யாரு?”

மஹியா அவள் விரலில் நின்ற அம்பையே பார்த்தான்.

“யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல” என்றாள். கறியை வாங்கி அக்காள் பிள்ளைகளிடம் கொடுத்தாள். அம்பைத் திருப்பிக் கொடுத்தாள். குழிக்குள் இறங்கித் தோண்ட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு மஹியா சில்லாட்டத்தில் உட்காருவதில்லை. ஒவ்வொரு அம்பையும் விரலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுக்கிறான். பட்ட விலங்கு விழுகிறது. வாரத்துக்கு ஒருமுறை மேடு ஏறி இறங்கி, கறி கொண்டுபோகிறான், இலையில் மடித்துத் தேன் கொண்டுபோகிறான். அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் இன்னும் கொண்டுபோகவில்லை.