கிளிஃபர்ட் அடைத்த துளைகள்

கிளிஃபர்ட் என்ட்விசிலுக்கு ஓர் இடத்திலும் சும்மா நிற்க முடியாது. சாவு வீட்டுக்குப் போனாலும் கண் சுவரைத்தான் மேயும். இங்கிலாந்தின் கடலோர ஊரான ஃப்ளீட்வுட்டின் பழைய வீடுகளில், இரட்டைச் சுவரின் இடைவெளியில் குளிர் தாங்கப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. செங்கல் இடுக்கில், கை நீள இடைவெளியில், காசளவு சிமெண்ட் கலவைப் பொட்டுகள் தெரியும். துளை போட்டு மூடிய தடம் அது.

சுவரில் ஈரம் என்று புகார் கொடுத்திருந்த கிழவி மேவிஸ் ரிம்மரின் வீட்டு வாசலில் அன்று அவருக்குக் கால் கூசியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் அந்தத் தெருவுக்கே பஞ்சடித்தவர் அவர்தான். கலவையில் புகைக்கரி கலந்து, எவன் கண்ணுக்கும் தெரியாமல் மூடினேன் என்று பீற்றிக்கொண்டவர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட. கடல் மழை குடித்த பஞ்சு இப்போது உள்சுவரைக் கறுப்பாக்கிவிட்டது. அடைத்த தடம் கிடைத்தால்தான் அரசாங்கத் திட்டத்தில் காசில்லாமல் அதை உருவி எடுப்பார்கள். ஆனால் தான் அடைத்த வீட்டைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. மறைத்துவிட்டு வந்தாயிற்று; இனிச் சொன்னால் வேலை போய்விடும்.

"நான் வீட்டுக்குள்ள துணி காயப்போட்டதாலதான் ஈரம்னு நீயும் எழுதத்தானே வந்தே?" என்றாள் மேவிஸ், இருமிக்கொண்டே.

"பாக்காம எப்படிங்க எழுதறது?"

வெளியே வந்தார். 'தடம் இல்லை' என்று எழுதிவிட்டு ஓடிவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. கை அதற்குள் ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்தில் போய் நின்றுவிட்டது. சாவியால் சுரண்டினார். பொட்டு உதிர்ந்தது. உள்ளிருந்து நனைந்த பஞ்சு வந்தது.

மேவிஸ் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"முன்னாடி வந்தவர் ஒரு மணி நேரம் தேடிட்டு ஒண்ணுமில்லன்னார். நீ பாக்காமலே கை வெச்சியே, தம்பி?"

"அடைச்சதே நான்தாங்க."

திட்டுவாள் என்று தலை குனிந்து நின்றார். அவள் பஞ்சைக் கையில் வாங்கிப் பிழிந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் ஹெர்பர்ட் ரொம்ப நேரம் குளிக்கிறதாலதான் ஈரம்னு நெனச்சேன்பா. மூணு குளிர்காலம் ஜன்னலைத் தொறந்து போட்டு, கோட்டோட உக்கார வெச்சேன். அவருக்குப் பல்லு தந்தியடிக்கும். அப்பவும் திட்டுவேன். போன ஜனவரியில நெஞ்சு சளியிலதான் போனாரு."

கிளிஃபர்ட் நின்ற இடத்திலேயே சோதனைத் தாளை எடுத்து, அடைத்தவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.