ஆறு ஏழுக்கு ஊதும் சங்கு

நான் ஓட ஆரம்பித்தது உடம்புக்காக இல்லை. இருந்த உடம்பைத்தான் சுண்ணாம்புத் தொட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேனே! எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில், பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடி நீக்குகிற இடத்தில் எனக்கு வேலை. கை முழங்கை வரைக்கும் வெடித்திருக்கும். எந்த சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. சோறு பிசைந்து நீட்டினால் இரண்டு வயது மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "கொழந்தைக்கு இன்னா தெரியும், வுடு" என்பாள் மனைவி. குழந்தைக்கு வேண்டுமென்று செய்யத் தெரியாது என்பதுதான் எனக்கு வலித்தது.

அந்த வருஷம் போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் எஸ்எஸ்எல்சி தேறியவன், உயரமும் இருந்தது. ஆனால் வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த ஒரு தடவைதான். ஒன்றரை கிலோமீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டினால் அடுத்த கட்டம். இல்லையென்றால் ஆயுசுக்கும் தொட்டிதான்.

ஓடுவதென்றால் யாரோடு ஓடுவது? எங்கள் ஊரில் அப்போது வளர்ந்த ஆள் ஒருவன் காரணமில்லாமல் ஓடினால் நாய் துரத்தும். நாய் விட்டாலும் ஜனங்கள் விட மாட்டார்கள். யார் செத்தது, எந்த ஆஸ்பத்திரி என்று சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். நல்லவேளை, பஜாரில் லுங்கிக் கடை வைத்திருந்த குடியாத்தத்துக்காரர் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து, டாக்டர் தினமும் ஓடச் சொல்லிவிட்டார். தனியாக ஓட அவருக்கு வெட்கம். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து பேரைச் சேர்த்திருந்தார். அதில் எங்கள் கம்பெனியில் தோல் தேய்க்கிற மிஷினில் நின்ற பாயும் ஒருவர். அவர்தான் என்னை இழுத்துப்போனார்.

"வா தோஸ்த், நாலு நாளு மூச்சு வாங்கும், அப்புறம் ஜம்முனு ஆய்டும்" என்றார். பொய். நாற்பது நாளானாலும் மூச்சு வாங்கியது.

கடைக்காரர் சைக்கிள் சக்கரத்தில் லுங்கித் துண்டைக் கட்டி, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, ரயில்வே கேட்டிலிருந்து எங்கள் கம்பெனி கேட் வரைக்கும் சரியாக ஒன்றரை கிலோமீட்டர் என்று கண்டுபிடித்திருந்தார். பாலாற்றங்கரை ஓரமாகவே போகிற ரோடு. நேரத்துக்கு என்ன செய்வது? அதற்கு ஊரில் சங்கு இருந்தது. ரயில்வே கேட் பக்கத்துப் பெரிய கம்பெனியில் ஆறு மணிக்கு ஊதும். எங்கள் கம்பெனியில் ஏழு நிமிஷம் கழித்து, ஆறு ஏழுக்கு ஊதும். இரண்டு முதலாளிகளும் சம்பந்திகள். ரயில்வே கேட்டில் ஆட்கள் முட்டிக்கொள்ளக் கூடாதென்று பேசி வைத்துக்கொண்ட ஏழு நிமிஷம் அது. அந்தச் சங்கு ஊதும்போது ஓடி, இந்தச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கைக்கடிகாரம் கட்டி ஏன் பார்க்கவில்லை என்று இப்போது பேரன் கேட்கிறான். அடேய், கடிகாரத்தையே நாங்கள் சங்கைக் கேட்டுத்தான் திருப்பி வைப்போம்!

முதல் வாரம் நாய்ப் பிழைப்பு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலில் ஓடினேன். சங்கு ஊதும்போது தென்னந்தோப்பு வளைவில்தான் இருப்பேன். சங்கு ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள், வெளியே நிற்பவனுக்கு அரை நாள் போச்சு. வாரக் கடைசியில் ஆரம்பித்ததால் இரண்டு நாள்தான் அப்படிப் போனது. இரண்டாவது நாள் வாச்மேன் முன்னால் நின்று அழுதேவிட்டேன். ஆண்பிள்ளை அழலாமா என்றெல்லாம் யோசிக்கக்கூட அப்போது தெம்பில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கால் பிடிபட்டது. கேட்டுக்குள் கால் வைக்கிறேன், சங்கு ஊதுகிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தேன், ஆனாலும் ஏழு நிமிஷத்துக்குள் வந்தேன். எனக்கு முன்னால் போன பாயும் தன் வேகம் கூடிவிட்டதென்று பூரித்துப்போனார். உள்ளே போய் ஒரு பீடி பிடித்து முடித்த பிறகுதான் சங்கு ஊதுகிறதாம். கடைக்காரர் டாக்டரிடமே போய்ப் பெருமையடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் இப்படி ஓடினேன். ஓடி முடித்து எட்டு மணி நேரம் தொட்டியில் குனிந்து நிமிர்ந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உட்காரக்கூட முடியாது. சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கியிருக்கிறேன். ஆனாலும் மனதுக்குள் காக்கிச் சட்டை போட்டுப் பார்த்துக்கொள்வேன். சோப்பு வாசனை வருகிற கையோடு மகளுக்கு ஊட்டுவேன் என்று நினைத்துக்கொள்வேன். போலீஸ் விஷயத்தை எங்கள் கூட்டத்தைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மேஸ்திரி காதுக்குப் போனால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவான்.

வேலூர் மைதானத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஓடவிட்டார்கள். தினமும் ஓடுகிற மாதிரிதான் ஓடினேன். கூடக் கொஞ்சம் வேகமாகவே ஓடினேன், சத்தியமாக. கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் வைத்திருந்த அதிகாரி தலை நிமிராமல், "எட்டு இருபது. ஓரமா போ" என்றார்.

"சார், உங்க வாட்சு ஜாஸ்தி ஓடுது சார். நான் தெனம் ஏழுக்குள்ள வர்றவன்."

"யாருய்யா பாத்தது?"

"சங்கு சார்."

வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "போப்பா, போய் தண்ணி குடி" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் நேராக வாச்மேனிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேட்டை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து சங்குப் பொத்தானை அமுக்குகிறவர் அவர்தான். அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சங்கு எத்தினி மணிக்கு ஊதுறீங்க?"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கண்டுபுட்ச்சிட்டியா? அன்னிக்கு நீ என்னாண்ட நின்னு அழுத பாரு, மனசு கேக்கல தம்பி. அதுலேர்ந்து நீ காலை உள்ள வெச்சாதான் பொத்தானை அமுக்குறது. ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"அடப்பாவி! என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!" மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது.

"எனக்கு இன்னா தெரியும்? கடைக்காரரு நெஞ்சுக்கு ஓடுறாரு. நீ கேட்டை சாத்திடுவாங்கன்னு ஓடியார்றேன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். யாரை நம்பிச் சொல்வது என்று மூடி மறைத்தது நான்தான். "இனிமே கடிகாரத்தைப் பாத்து ஊதுங்க" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போனேன்.

அடுத்த நாள் அவர் கடிகாரத்தைப் பார்த்து ஊதினார். பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நான் தென்னந்தோப்பை அப்போதுதான் தாண்டியிருந்தேன். கேட் சாத்திவிட்டது. போய்ப் பார்த்தால் வெளியே நான் மட்டும் இல்லை, பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து மணலில் நடந்து வந்து, எங்கள் கம்பெனியில் தோல் ஓரம் வெட்டுகிறவர்கள். ஒருத்தி டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா ஆச்சி உனுக்கு? ரெண்டு மாசமா உன்னைப் பாத்துதான் நடக்கிறோம். நீ இன்னும் பின்னால வர்றன்னா சங்கு ஊதலைன்னு அர்த்தம். இன்னிக்கி நீ வர்றதுக்குள்ளயே ஊதிட்டான். அரை நாள் போச்சே, எவன் குடுப்பான்?"

எனக்குக் களைப்பாக இருந்தது. அந்தப் பெண்களோடு கேட்டுக்கு வெளியே மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி தன் கேரியரிலிருந்து எனக்குக் கொஞ்சம் புளிச்சோறு எடுத்து வைத்தாள். அவள் கையும் என் கை மாதிரிதான் வெடித்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சாப்பிட்டேன்.

மதியம் உள்ளே போகும்போது வாச்மேன் கூண்டின் முன்னால் நின்றேன். "பழையபடியே ஊதுங்கண்ணா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை பெரிய கம்பெனி சங்கு ஊதியது. ஓடினேன். தென்னந்தோப்பைத் தாண்டியதும் அந்தப் பெண்கள் முன்னால் மணலிலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்தாள். ஓடியிருந்தால் தாண்டியிருப்பேன். ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். எல்லோரும் உள்ளே போனார்கள். கடைசியாக நான் காலை வைத்தேன், சங்கு ஊதியது.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த கேட்டுக்குள் கடைசியாகப் போனவன் நான்தான்.