மயிலிறகு மிதவைகளும் நான் வைத்த நேர்த்தியும்

அண்ணாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வந்து, பசியாறி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். முதற்பக்கப் படத்தில் அண்ணா கோட் போட்டிருக்கிறார். தன் மகளின் பட்டமளிப்புக்கு இரவல் வாங்கிய கோட் அது. அவரை உள்ளபடி பார்க்க வேண்டுமென்றால் பழைய தொப்பியும் சேறு ஒட்டிய சப்பாத்துமாக, கோல்பர்ன் ஆற்றங்கரையில் ஒரு மடக்குக் கதிரையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு படம் எங்களிடம் இல்லை. எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணா கிளிநொச்சியில் பிறந்தார். அவர் மூத்தவர், நான் கடைசி. அப்பா கண்ணை மூடியபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு லொறிக்கு மூட்டை ஏற்றப் போனார். இடையில் பிறந்த இரண்டு பேரையும் யுத்தம் கொண்டுபோனது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை. மெல்பேர்னுக்கு வந்து ஸ்பிரிங்வேலில் ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்து, பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் வேலை செய்து, என்னைக் கூப்பிட்டு, எனக்குக் கலியாணமும் செய்து வைத்த பிறகுதான் தனக்கொரு வாழ்க்கையை யோசித்தார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் வாய்க்காரி நான்தான். நான் பேசுவேன், அவர் "சரி, விடு" என்பார். ஐம்பது வருடமும் அப்படியே போயிற்று.

தனக்கென்று அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். பங்குனியிலிருந்து வைகாசி வரை வரும் இந்த நாட்டு இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டாளி செல்வம் அண்ணையின் வான் வண்டியில் ஏறி, சீமோர்ப் பக்கம் இரண்டு மணித்தியாலம் போய், ஆற்றில் தூண்டில் போடுவார். கோடையில் படகுக்காரர் தண்ணீரைக் கலக்குவார்கள், குளிர்காலத்தில் கை விறைக்கும், வசந்தத்தில் ஆறு பெருகி ஓடும். இலையுதிர்காலத்தில்தான் தண்ணீர் வடிந்து, தெளிந்து, மெல்ல நகரும், மிதவை ஓர் இடத்தில் நிற்கும் என்று சொல்லுவார். சுருள் போட்ட நவீனத் தடி ஒன்றைப் பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தாள். அது கராஜில் உறையோடு கிடக்கிறது. புடலங்கொடிக்குப் பந்தல் போட வாங்கிய மூங்கிலில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, நுனியில் நைலோன் தங்கூசி நூலைக் கட்டினால் அவருக்குப் போதும். இரைக்குப் பாணைப் பிசைந்து, அவர் மனைவி, என் மச்சாளின் குசினியிலிருந்து பெருஞ்சீரகத் தூள் எடுத்துக் கலப்பார். "இந்த வீட்டில எனக்கு வைக்கிற கறியைவிட மீனுக்கு வைக்கிற கறிதான் வாசம்" என்பார் மச்சாள்.

மிதவைகளை அவரே செய்வார். அதில்தான் என் கதை இருக்கிறது.

ஒவ்வொரு பங்குனி உத்தரத்துக்கும் காவடி ஆடி முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மயிலிறகுகள் உதிர்ந்து கிடக்கும். எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்கு ஓட, அண்ணா குனிந்து இறகு பொறுக்குவார். வீட்டுக்கு வந்து, கண்ணுள்ள நுனியை வெட்டிச் சாமியறையில் வைப்பார். மிஞ்சிய வெள்ளைத் தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, ஒரு முனைக்கு மச்சாளின் சிவப்பு நகப்பூச்சைத் தடவுவார். நூலில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்து, வாளித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். சிவப்பு மட்டும் ஓர் அரிசி அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். அதைவிடக் கூடத் தெரிந்தால் மீன் தொடுவது நமக்குத் தெரியாதாம். "முருகனுக்குப் பாதி, மீனுக்குப் பாதி" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் பிடித்ததில்லை.

போன வருடம் கோடை முடிகிற நேரம் அண்ணாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மந்த்ஸ் எண்டுதான் சொல்லுறாங்கள் மாமி. இயர்ஸ் இல்லை" என்றாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. காரணம் தேடினேன். காரணம் கிடைத்தால் நோயையும் மாற்றலாம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. பங்குனி உத்தரத்தன்று அந்த மயிலிறகுகளைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது. முருகனின் வாகனத்து இறகை வைத்து உயிர் எடுத்த பாவம்தான் என்று முடிவு கட்டினேன். அந்த இடத்திலேயே கண்ணை மூடி நேர்த்தி வைத்தேன். அண்ணாவைக் காப்பாற்று, அவர் இனித் தூண்டிலைத் தொடமாட்டார்.

பொழுதுபடக் கோயிலிலிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மத்தியானமே இறகோடு வீடு திரும்பியிருந்தார். வாளியை முன்னால் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். பேப்பரில் பதினொரு புது மிதவைகள், நகப்பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணா, நான் முருகனுக்கு நேர்ந்துபோட்டன். நீங்கள் இனி மீன் பிடிக்கமாட்டியள் எண்டு."

"என்னைக் கேட்டனியோ?"

"கேட்டால் ஓம் எண்டிருப்பியளோ?"

நகப்பூச்சு காய்ந்ததா என்று ஒரு மிதவையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பிடிச்சிட்டுத் திரும்ப விட்டால் பரவாயில்லையோ?" என்று கேட்டார்.

"நீங்கள் பிடிக்கிற கார்ப் மீனை உயிரோட திரும்ப விடக்கூடாது, இந்த ஊர்ச் சட்டம் எண்டு நீங்கள்தானே சொன்னனியள்."

"ஓம். நான்தான் சொன்னனான்."

நான் அழத் தொடங்கினேன். அவர் மிதவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிஸ்கற் தகரத்தில் அடுக்கி மூடினார். "சரி, விடு" என்றார்.

அந்த இலையுதிர்காலம் போல ஒன்றை நான் இங்கே கண்டதில்லை. மழையில்லை, காற்றில்லை, நாள் முழுக்க இளவெயில். அண்ணா பின்வளவில் கதிரை போட்டு இருந்தார். ஞாயிறு தவறாமல் செல்வம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, என்ன நிறம் என்று கேட்பார். நடுவில் ஒருமுறை இரத்தப் பரிசோதனை கொஞ்சம் நன்றாக வந்தது. "பாத்தியளே, முருகன்ர வேலையை" என்று நான் துள்ளினேன். அவரும் சிரித்துத் தலையாட்டினார். வைகாசி கடைசியில் எழும்ப முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மாலை, "மரமெல்லாம் கொட்டி முடிஞ்சுதோ?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது தண்ணீர் கேட்க மட்டும்தான். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, பந்தி எழும்பிய பிறகு, செல்வம் அண்ணை என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"பிள்ளை, இதைச் சொல்லாமல் வைச்சிருக்க எனக்கு ஏலாது. சித்திரையில நான் வானோட வந்து வாசல்ல நிண்டனான். ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு நாள் ஆத்துக்குப் போட்டு வருவம், வா எண்டு கேட்டனான். வரமாட்டன் எண்டிட்டான். உனக்கு அந்த நேர்த்தியில நம்பிக்கை இருக்கோ எண்டு கேட்டன். 'எனக்கில்லை, தங்கச்சிக்கு இருக்கு. அவள் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறாள். நான் ஆத்துக்குப் போனால் அவளுக்கு அதுவும் இல்லை' எண்டான்."

இதைத் தெரிந்துகொண்டு நான் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்துவிட்டேன். இனியும் இருப்பேன். காலம் ஆற்றும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னீர்கள். எனக்கு ஒன்றும் ஆறவில்லை. இந்த வருடப் பங்குனி உத்தரத்திலும் இறகுகள் உதிர்ந்து கிடந்தன. பொறுக்க ஆளில்லாமல், கூட்டி அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி மூன்று மாதமும் அண்ணாவைக் குழந்தையாகப் பார்த்த தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த மல்கிரேவ் அயலவருக்கும், ஹோம்புஷிலிருந்து இரவோடிரவாகக் காரோடி வந்த உறவுகளுக்கும், கிரியைகளைக் குறைவின்றி நடத்திய ஐயருக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன செல்வம் அண்ணைக்கும் நன்றி. ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரும் மச்சாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நேர்ந்துகொடுக்க என்னிடம் எத்தனையோ இருந்தன. காப்பு இருந்தது, தலைமுடி இருந்தது, இந்த வாய் இருந்தது. அதில் ஒன்றையும் நான் தொடவில்லை. அண்ணாவிடம் மிச்சம் இருந்தது ஓர் இலையுதிர்காலம் மட்டும்தான். அவரைக் கேட்காமல் அதை எடுத்து நான் கொடுத்தேன். முருகனும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கச்சி