மரத்தால் விழுந்தவர்கள்

அவர் எங்கள் வைத்தியசாலையின் பதிவறை எழுதுநர். குள்ளமானவர், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டியிருப்பார். டொக்டர்மார் நாங்கள் எழுதும் நோய்க்கு உரிய இலக்கத்தைத் தடித்த புத்தகமொன்றில் தேடிப் பதிவதே அவர் வேலை. விசித்திரமான இலக்கம் அகப்பட்டால் நோயாளர் விடுதிக்கே வந்து சொல்வார்.

"டொக்டர், முதலை கடிச்சா ஒரு இலக்கம். விண்கலத்தில அடிபட்டாலும் ஒண்டு இரிக்கி!"

சுனாமிக்குப் பின் வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. ஷெல் காயத்தோடு வந்தவர்களுக்கு உண்மையை எழுதினால் விசாரணை வரும் என்று பயந்து, "மரத்தால் விழுந்தது" என்று எழுதினேன். ஒரு நாள் அவர் அந்தத் தாள்களோடு வந்தார்.

"அங்க நிண்ட மரத்தையெல்லாம் கடல் கொண்டு போயிட்டு. இவங்க எதில ஏறி விழுந்தாங்க, டொக்டர்? சண்டைக்கும் இலக்கம் இரிக்கி."

"நான் எழுதினபடி போடுங்க," என்றேன். போட்டார்.

யுத்தம் முடிந்தபின் கால் இழந்த ஒருவர் வந்தார். போரில் காயப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் செயற்கைக் காலை, எங்கள் பதிவைக் காட்டி அவருக்கு மறுத்திருந்தார்கள்.

"நான் தோணிக்காரன், ஐயா. எனக்கு மரம் ஏறவே தெரியாது!"

எழுதுநர் என் கையெழுத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். "இலக்கத்த நான்தான் மாறிப் போட்டுட்டன், தம்பி. என்ட பிழை," என்று திருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வந்தவர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

தவறுக்கு விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதமும் அவருக்கே வந்தது. ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று அவரும் கேட்டிருக்கலாம்.