வால் பக்கம் இரண்டு இலை

அறிவிப்புப் பலகை செய்யும் கடையில் அவளுக்குப் பூக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதை வரையச் சொன்னாலும் ஓரத்தில் ஒரு பூவாவது முளைத்துவிடும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தையல் கடையில் பூவேலைக்கு மாதிரி வரைந்தே பழகிய கை அது. வாயோ அதற்கு நேர்மாறு. யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பாள்.

கடை முதலாளியம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிவிப்புப் பலகையானாலும் முதலில் காகிதத்தில் அச்சிட்டு, மாட்டப்போகும் இடத்திலேயே ஒட்டுவார். வரைந்தவர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் வழி தவறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. தேறினால்தான் நிரந்தரப் பலகைக்குத் தகடு வெட்டுவார்கள்.

அன்று பலகையோடு அவளும் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் தையல் கடைதான்.

ஆஸ்பத்திரியில் நடைபாதை இரண்டாகப் பிரியும் சுவரில் அவளுடைய முதல் பலகை. 'அவசர சிகிச்சை' என்ற எழுத்து, கீழே வலப்பக்கம் காட்டும் அம்பு. அம்பைக் கொடியாக வரைந்திருந்தாள். முனையில் சின்ன மொட்டு. வால் நுனியில், அழகுக்காக, மேலொன்றும் கீழொன்றுமாக மொட்டின் பக்கம் சாய்ந்த இரண்டு பெரிய இலைகள். மடியில் வைத்துப் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் வந்த அம்மாள் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு இடப்பக்கம் போனார். அவள் பக்கத்திலிருந்த முதலாளியம்மாவிடம் திரும்பினாள்.

"அவங்க வேற எங்கயாவது போறவங்களா இருக்கும்க்கா."

"பேசாம பாரு," என்றார் முதலாளியம்மா.

அடுத்தவரும் இடப்பக்கமே போய், அழுக்குத்துணி அறையை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பினார். "எந்தப் புண்ணியவான் ஒட்டினானோ!"

அப்போது ஒருவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைக்கு மூச்சு இழுக்கும் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. ஓடியபடியே பலகையைப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார்.

"அண்ணே! அங்க இல்ல! வலது பக்கம் ஓடுங்க!"

இப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் சறுக்கித் திரும்பி ஓடினார். கதவு திறந்து பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டது.

"வாயத் திறந்துட்டே," என்றார் முதலாளியம்மா.

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குதேக்கா."

"திறந்தது சரிதான். நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே. பலகை கத்துமா?"

அவள், அந்த மனிதர் ஓடிவந்த வாசல்வரை போய்த் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மொட்டு சுவரோடு கரைந்துபோயிருந்தது. இரண்டு இலைகள் மட்டும் இடப்பக்கம் குத்தும் அம்பு முனையாக நின்றன.

திரும்பி வந்து கொடியை வெள்ளைக் காகிதத்தால் மூடினாள். முதலாளியம்மாவின் பையிலிருந்த கறுப்பு ஒட்டுநாடாவைக் கிழித்து, தடியாக ஒரே ஒரு அம்பு ஒட்டினாள். சுற்றிலும் வெறும் வெள்ளை.

உள்ளிருந்து பிள்ளை வீறிட்டு அழுதது. அழுவதற்கு மூச்சு வந்துவிட்டது.

கணவனின் ரத்தம் வடியும் கையைத் துணியால் பிடித்தபடி ஒருத்தி விரைந்து வந்தாள். பூக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்தவள் தலையை நிமிர்த்தினாள், நடை தளரவில்லை, வலப்பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த கிழவரும் அப்படியே.

முதலாளியம்மா எழுந்தார்.

"நாளைக்குத் தகடு வெட்டணும். சீக்கிரம் வா, பூக்காரி. பூவை மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வா."