திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்த கரண்டு

1940 நவம்பர் 16, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு பெய்த மழையில் கிணற்றடி வழுக்கியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே குளித்தேன். இட்லி, காப்பி, கோர்ட். சனிக்கிழமைகளில் எங்கள் நகல் பிரிவுக்கு அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சற்றுத் தூங்கி, மூன்றரைக்கு வெறுங்கையோடு கோரிப்பாளையத்துக்கு நடந்தேன். திரும்பும்போது கையில் ரேடியோ பேட்டரி இருக்கும். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பது, சனிக்கிழமை வாங்கி வருவது என்பது என் வழக்கம். அன்று ராத்திரி திருச்சியிலிருந்து நாகசுரக் கச்சேரி. அதற்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

தல்லாகுளத்தில் எனக்கு வீடு கொடுத்தவர் மின்சாரத்தை நம்பாதவர். கரண்டுக் கம்பி இழுத்த வீட்டை இடி தேடிக்கொண்டு வரும் என்பது அவர் கட்சி. அதனால் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு, ரேடியோவுக்குப் பேட்டரி. அதற்குச் சார்ஜ் ஏற்றித் தருபவர் கோரிப்பாளையத்துப் பாய்.

பாய் கடையில் இரண்டு தொழில். ஒரு பக்கம் பலகைத் தட்டில் ஊரார் பேட்டரிகள் வரிசையாக நின்று சார்ஜ் ஏறும். மறுபக்கம் வெள்ளி முலாம் போடும் தொட்டி. தொட்டியில் மருந்துத் தண்ணீர், ஒரு ஓரத்தில் வெள்ளித் தகடு, எதிரே செப்புக் கம்பியில் தொங்கும் பித்தளைச் சாமான். கரண்டு தகட்டிலிருந்து வெள்ளியைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சாமானில் பூசும். அதற்குக் கரண்டு ஒரே திசையில் ஓட வேண்டும். அப்படி ஓடுகிற டி.சி. கரண்டைத்தான் அதுவரை எங்கள் பக்கத்துக்கு உள்ளூர் என்ஜின் கொட்டகை அனுப்பிக்கொண்டிருந்தது. தெருக்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் அது மூச்சு வாங்கும். கடைசி வீட்டு பல்பைப் பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும்.

மறுநாள் காலை பாயின் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு திருமங்கலம். சம்பந்திக்கு அங்கே பாத்திரக்கடை. அவர் தம் வீட்டுப் பித்தளைப் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், பெரிய தட்டு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே அனுப்பி, வெள்ளி பூசிக் கல்யாணத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். பாயும், "கண்ணு கூசுற மாதிரி பண்ணி வைக்கிறேன் சம்மந்தி" என்று நாலு பேர் நடுவில் வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாண அலைச்சலில் வேலை தள்ளிப்போய்க் கடைசி நாளுக்கு வந்துவிட்டது.

நான் போனபோது பாய் பன்னீர்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். இதைப் பாருங்க. காலையிலேருந்து தொட்டியில தொங்குது. கஞ்சித் தண்ணியில முக்குன மாதிரி வந்திருக்கு."

செம்பு சாம்பல் பூத்து, மங்கி, வெள்ளியாகவும் இல்லை, பித்தளையாகவும் இல்லை.

பாயின் மனைவியுடைய தம்பி, கல்யாண வேலைக்காக வந்த மச்சான், வாசலில் சாய்ந்து நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் வேலை என்று நான் அன்று கண்டது அது ஒன்றுதான். "மருந்து செத்துப்போச்சு மச்சான். நாளைக்கு முலாம் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துல பித்தளைச் செம்புல பன்னீர் தெளிச்சாங்கன்னு திருமங்கலம் வரைக்கும் பேசுவாங்க."

"மருந்தை மாத்தியாச்சுடா. புளி போட்டுத் தேச்சாச்சு. கரண்டும் இருக்கு. லைட்டு எரியுதுல்ல?"

லைட் எரிந்தது. அன்று வழக்கத்தைவிட நன்றாகவே எரிந்தது.

எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்கு மனம் நிற்காது. பேட்டரித் தட்டின் மூலையில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் இருக்கும். காலையில் கடை திறந்ததும் பாய் இரண்டு கம்பி நுனிகளை அதில் விட்டுப் பார்ப்பார். ஒரு நுனியில் மட்டும் நுரை கொப்பளிக்கும். அதை வைத்து எது எந்தக் கம்பி என்று தெரிந்துகொண்டுதான் எதையும் பூட்டுவார். அன்று டம்ளரைக் காணோம்.

"டம்ளர் எங்கே பாய்?"

"சர்பத்துக்கு டம்ளர் பத்தலைன்னு உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. பூட்டுனதுதானே, மாறவா போகுதுன்னு இன்னைக்குப் பார்க்கலை."

டம்ளர் உள்ளேயிருந்து வந்தது. ரோஜா வாசனை அடித்தது. உப்பைப் போட்டுக் கம்பிகளை விட்டார். இரண்டு நுனியிலும் ஒரே மாதிரி நுரைத்தது. பாய் கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் இரண்டிலும் நுரை. டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "சர்பத் மிச்சம் இருக்கோ?" என்றார்.

அந்த நேரத்தில் நூல்கடை முதலாளி வந்தார். வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசுகிறவர். அவரும் சனிக்கிழமைப் பேட்டரிக்காரர். நுரையைக் குனிந்து பார்த்தார்.

"பாய், கரண்டை மாத்திட்டாங்கல்ல? காலையில ஒரு மணி நேரம் நிப்பாட்டினாங்களே, அதுக்குத்தான். மலையிலேருந்து பெரிய கம்பியில வர்ற ஏ.சி. கரண்டு. என் கடைக் காத்தாடியைக்கூடக் கழட்டிட்டு வேற மாட்டிட்டாங்க. கம்பெனி ஆளு இங்கே வரலையா?"

வந்திருந்தார். முந்தின வாரம் நான் இருக்கும்போதே வந்தார். 'ஃபேன் இருக்கா?' என்று கேட்டார். பாய் இல்லை என்றார். 'அப்ப உங்களுக்கு ஒரு மாத்தமும் இல்லை, பல்பு எப்பவும் போல எரியும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொட்டி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இருக்கிறது என்று இவரும் சொல்லவில்லை. கரண்டு என்றால் கரண்டுதானே என்று மூவரும் நினைத்திருந்தோம்.

புதுக் கரண்டு ஒரே பக்கம் ஓடுவதில்லை. ஊஞ்சல் மாதிரி போய்ப் போய்த் திரும்புகிறது என்று முதலாளி கேள்விப்பட்டதைச் சொன்னார்.

"அப்ப வெள்ளியை ஒரு கையால வச்சிட்டு மறு கையால எடுத்துக்குது" என்றார் பாய்.

"சீர் செய்யிற சம்மந்தி மாதிரி" என்றார் மச்சான். "நேத்துக் கரண்டு வேணும்னா நேத்தே கொஞ்சம் பானையில பிடிச்சு மூடி வச்சிருக்கணும் மச்சான். பழைய சோறு மாதிரி."

பாயின் கண் மெதுவாகப் பலகைத் தட்டுக்குப் போனது. அங்கே வெள்ளிக்கிழமையே சார்ஜ் ஏறி முடிந்து இரண்டு பேட்டரிகள் நின்றன. ஒன்று என்னுடையது, ஒன்று முதலாளியுடையது. காலையில் பூட்டிய மற்றவை ஒன்றும் தேறவில்லை.

பாய் எங்களைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே பேசினார். "அடுத்தவங்க நம்பி ஒப்படைச்ச அமானிதம். கேக்காமத் தொட மாட்டேன். கேக்கவும் வாய் வரலை."

நாகசுரம் என் காதுக்குள் ஒரு முறை ஒலித்து நின்றது. "என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

முதலாளி சட்டென்று சம்மதிக்கவில்லை. "யுத்தச் செய்தி கேக்காம நூல் விலை எப்படிச் சொல்றது?"

"கேட்டுட்டு மட்டும் குறைச்சா சொன்னீங்க, மொதலாளி?" என்றார் மச்சான்.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கங்க பாய். ஆனா ஒண்ணு. நாளைக்கு விருந்துல என் இலைக்கு ஆட்டைக் காட்டாதீங்க. தயிர்ச்சோறு தனியா வைக்கணும்."

என் பேட்டரியில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வெளுத்தன. வெள்ளி ஏறுவதை நான் அதற்கு முன் உட்கார்ந்து பார்த்ததில்லை. முதலில் பால் ஆடை மாதிரி ஒரு வெண்மை. எடுத்துத் துணியால் தேய்த்தால் உள்ளேயிருந்து விளக்கேற்றியது போல் வருகிறது. என் கச்சேரியின் ஆலாபனை செம்பிலும் தனி ஆவர்த்தனம் கிண்ணத்திலும் போயின என்று முதலாளியிடம் சொன்னேன். அவருடைய யுத்தச் செய்தி தட்டுக்கு. தட்டு பெரியது, தொட்டியில் ஒரு பக்கம் காட்டித்தான் நிற்கும். ஒரு பக்கம் ஏறிய பிறகு திருப்ப வேண்டும். திருப்பிய சற்று நேரத்தில் முதலாளியின் பேட்டரி ஓய்ந்தது. மேல்பக்கம் வெள்ளி, அடிப்பக்கம் பித்தளை.

"தட்டை யாரு கவுத்துப் பாக்கப் போறா?" என்றார் மச்சான்.

வெளியே ஹாரன் கேட்டது. வாடகை பஸ் ஒன்று வந்து நின்று, அதிலிருந்து சம்பந்தியும் மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் இறங்கினார்கள். பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு வீடு பிடித்திருந்தது. ஆனால் சம்பந்தி நேரே கடைக்குள் வந்தார். பாத்திரக்கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்தப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஒரு சுண்டு, அடுத்து ஒரு கவிழ்ப்பு. செம்பைச் சுண்டினார், கவிழ்த்தார், தலையாட்டினார். கிண்ணத்தைச் சுண்டினார், கவிழ்த்தார், தலையாட்டினார். தட்டைச் சுண்டினார். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டைக் கவிழ்த்தார்.

பாய் எழுந்து நின்றார்.

"கரண்டு தீந்துபோச்சு சம்மந்தி" என்றார். பிறகு காத்தாடி, சர்பத் டம்ளர், மலைக் கரண்டு, எங்கள் பேட்டரி எல்லாவற்றையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னார்.

சம்பந்தி எங்கள் இருவரையும் பார்த்தார். "இந்த அண்ணன் ரெண்டு பேரும் ரேடியோவை விட்டுக் கொடுத்தாகளா? நம்ம வீட்டுச் சாமானுக்கா?" தாடியைத் தடவினார். வாசல் பக்கம் திரும்பி, "டிரைவர் மாப்ள, உன் வண்டிக்குள்ள பேட்டரி இருக்குல்ல?" என்றார்.

டிரைவருக்கு முகம் சுருங்கியது. "காலையில பொம்பளையாளுகளைக் கூட்டியார வண்டி திருமங்கலம் போகணும்ணே."

"ஒரு பக்கத்துக்கு எம்புட்டு ஆகப்போகுது? கொஞ்சந்தானே சம்மந்தி?"

"கொஞ்சந்தான்" என்றார் பாய்.

கொஞ்சந்தான் ஆனது. தட்டின் அடிப்பக்கமும் வெளுத்தது. அதோடு பேட்டரியைக் கழற்றியிருந்தால் இந்தக் குறிப்பை இங்கேயே முடித்திருப்பேன். சம்பந்தி தட்டைக் கவிழ்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இடுப்பிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். "கையோட இதையும் முக்கிருங்க." அடுத்தது பாக்குவெட்டி. அடுத்தது, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடிப்போய்க் கொண்டுவந்த துப்பல் பணிக்கம்.

"பணிக்கத்துக்குமா வெள்ளி?" என்றார் டிரைவர்.

"துப்புறவனும் மனுசன்தானே மாப்ள" என்றார் தாய்மாமன்.

பாய் சம்பந்திக்கு இல்லை என்று சொல்வாரா? எல்லாம் வெளுத்தன. நான் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தேன். ரேடியோவின் மேல் துணியைப் போர்த்திவிட்டுப் படுத்தேன்.

டி.சி. கரண்டைத் தூரதேசத்துக்கு அனுப்புவது கஷ்டம், அதனால்தான் பெரிய கம்பியில் ஏ.சி. வருகிறது என்று பின்னாளில் ஓர் என்ஜினியர் எனக்கு விளக்கினார். படித்தவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருமங்கலத்திலிருந்து கோரிப்பாளையம் வரை அது ஒரு பொட்டுக்கூடக் குறையாமல், ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததை நான் நேரில் பார்த்தவன்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பாயின் மச்சான் என் கதவைத் தட்டினார். பல் விளக்கக்கூட விடவில்லை. பஸ் கிளம்பவில்லை, டிரைவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலித்து உட்கார்ந்துவிட்டார், திருமங்கலத்தில் பெண்கள் உடுத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஆகவே அன்று காலை முதல் வேலையாகப் பஸ்ஸைத் தள்ளினேன். எனக்கு இடப்பக்கம் சரிகை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய நூல்கடை முதலாளி, வலப்பக்கம் பாய், அவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி. மச்சான் முன்னால் நடந்தபடி, "தள்ளு, தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாலத்தை நோக்கி இறங்கும் சரிவில் பஸ் ஒரு முறை இருமி, மறுமுறை உறுமி, எங்கள் கையை விட்டு ஓடியது.