மாமா அணைக்காத கற்பூரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். வீட்டு விஷயம், அதிலும் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோருமே நல்லவர்கள். பத்தாவதோடு நின்றவள் நான், கம்ப்யூட்டர் சங்கதியைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயம் வேறு. முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்போது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. தம்பிக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவுடன் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. கம்ப்யூட்டர் கடையில் வேலை. மருமகனை மடியில் வைக்கப்போகிற சந்தோஷத்தில், பட்டு வேட்டிகூட எடுத்து வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் அக்காவின் படிப்புக்காக எங்கள் கம்ப்யூட்டரில் புது மெமரி போட்டுக்கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் வேகம் நானூறு என்றிருந்தது. கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் திரையிலும் அதே நானூறு. அப்பா அதற்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் சித்தப்பா வந்தார். ஹப்சிகுடாவில் புதிதாக ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தவர், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் ஒரு புரோகிராமை சிடியில் வைத்திருந்தார். போட்டுப் பார்த்தால் வேகம் இருநூறு!

"அண்ணா, பாதிதான் இருக்கு. நல்லா ஏமாத்திட்டாரு."

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல," என்றாள் அம்மா.

"எதுக்கு அண்ணி கோவம்? மெஷின் பொய் சொல்லுமா?"

சாயங்காலம் மாமா தம்பிக்குக் கடுக்கன் வாங்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார்.

"அத்தான், ரெண்டும் ஒண்ணுதான். கோயில் மணியை ஒரு தடவை இழுத்தா நாக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு அடிக்குதில்ல? இந்த மெமரியும் ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தகவல் அனுப்புது. உங்க தம்பி புரோகிராம் இழுப்பை எண்ணுது, இந்தச் சீட்டு சத்தத்தை எண்ணுது."

"கம்ப்யூட்டரைப் பத்திக் கேட்டா மணியாட்டுறாரு பாருங்க," என்றார் சித்தப்பா.

அப்பா ஒர்க்‌ஷாப்காரர். "ரெண்டு கேஜ் ரெண்டு அளவு காட்டினா ஒண்ணு கெட்டதுன்னுதான் அர்த்தம். நாளைக்கு என் பையனை மடியில வைக்கப்போறே. மனசுல சந்தேகம் கூடாது," என்றவர், சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். எங்கள் வீட்டில் எந்த வழக்கும் அங்கேதான் தீரும். "நானூறுதான் நிஜம், இருநூறு பொய்னு சொல்லி இதை அணை மச்சான். அதோட விட்டுடறேன்."

மாமா கையைத் தூக்கினார். ஜ்வாலைக்கு மேல் உள்ளங்கை நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"இருநூறும் நிஜம்தானே அத்தான். சாமி முன்னாடி அதை எப்படிப் பொய்னு சொல்வேன்?"

"பாத்தீங்களா! அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டாரு!" என்றார் சித்தப்பா.

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. கடுக்கனை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாமா செருப்பைப் போட்டுக்கொண்டார். தம்பிக்குக் காது குத்தியது போவன்பள்ளியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட மாமா மடியில். எங்கள் மாமாவும் கோயிலுக்கு வந்திருந்தார், தூரத்தில் ஒரு தூணோரம் நின்றார். பிள்ளை வீறிட்டபோது ஓர் அடி முன்னால் வைத்து, அப்படியே நின்றுவிட்டார். பொய் சொன்னதால் சாமி கையைச் சுட்டுவிடும் என்று பயந்துதான் அன்றைக்கு இழுத்துக்கொண்டார் என நான் உறுதியாக நம்பினேன்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்காரர் வேலைக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பெட்டியில் மெமரி வேகம் மூவாயிரத்து இருநூறு, அவர் திறந்த புரோகிராமில் ஆயிரத்து அறுநூறு. பதறிப்போனேன். "ரெண்டும் சரிதாம்மா. பெட்டியில இருக்கிறது தகவல் கணக்கு, புரோகிராம்ல வர்றது துடிப்புக் கணக்கு," என்றார் சாதாரணமாக. அடுப்பை அணைத்துவிட்டுப் பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு சின்னப் பொய். அதைச் சொல்லியிருந்தால் தம்பி அவர் மடியில் இருந்திருப்பான். அன்றைக்கு அந்த அறையில் கடவுளுக்குப் பயந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

இதை யாரிடமாவது சொல்கிறவர்கள், மாமாவைக் காப்பாற்றுவதாக நினைத்து நானூறை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருநூறையும் சேர்த்தே சொல்லுங்கள். அதைப் பொய்யென்று சொல்லமாட்டேன் என்றுதான் அவர் வெளியே போனார்.